வடை மாதிரி ஒரு வளையம்

அழிக்கச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை பழகிய பிள்ளையிடம், "அந்த மூணு படத்தையும் விடு தங்கச்சி, நல்லதை எடு" என்றேன். யோசித்தால் ரெண்டும் ஒன்றுதான்.

எலியின் உயிரணுவுக்கு, அதாவது செல்லுக்கு, டிஎன்ஏயைக் காட்டும் டாபி சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதன் உட்கருவுக்குள் நீலப் புள்ளிகள் பளிச்சென்று எழும். டிஎன்ஏ இறுகிக் கிடக்கும் இடங்கள் அவை, ஹெட்டரோகுரோமட்டின் என்பார்கள். டிஎன்ஏ சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில் 9ஆவது இடத்து லைசினில் மெதைல் என்ற சின்ன அடையாளம் ஏறியிருந்தால் எச்பி1 புரதம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எச்பி1ஐத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி காட்டும் பச்சை நிறம் நீலப் புள்ளியை நிறைத்துக்கொண்டு இருக்க வேண்டும். 14 படங்களில் 11இல் அப்படித்தான் இருந்தது. மிச்சம் 3இல் பச்சை வளையமாக நின்றது, நடுவில் ஒன்றுமில்லை. உளுந்து வடை மாதிரி.

"அக்கா, இது வெளிப்பக்கத்துல மட்டுந்தான் இருக்குமோ?"

"ஆன்டிபாடி உள்ளுக்குப் போகல. அவ்வளவுதான்."

அவள் வாதாடவில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மேசையைத் துடைத்துக்கொண்டே, "கொழுந்து நிறுக்கிறப்ப தண்ணி, சாக்குன்னு எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கழிப்பாங்க" என்றாள். நானும் சிரித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

நான் சொன்னது பிழையில்லை. இறுகிய இடத்துக்குள் ஆன்டிபாடி நுழையத் திணறுவது இந்த வேலையில் பழகிய தொல்லை. மூன்று படமும் ஸ்லைடின் ஒரே மூலையில் எடுத்தவை வேறு. ஆனால் கொழுந்தில் ஈரம் இருந்தது உண்மைதானே என்று கணக்கப்பிள்ளையும் சொல்லலாம். எவ்வளவு ஈரம் என்று அவர் பார்த்தாரா? நான் பார்த்தேனா? ஆன்டிபாடிக்கு வழி திறக்க டிடர்ஜென்டில் இன்னும் கொஞ்சம் ஊறவிட்டிருக்கலாம், உயிரணுவை இருந்தபடியே நிறுத்திவைக்க, அதாவது நிலைப்படுத்த, மெதனோலைப் போட்டுப் பார்த்திருக்கலாம். அடுத்த நாள் மைக்ரோஸ்கோப் வேறு ஆளுக்கு. அதுவும் உண்மைதான்.

உயிரணு பிரியும்போது மரபணுக்களை இயக்கும் சாக்ஸ்2 என்ற புரதம் குரோமோசோமை விட்டுக் கழன்றுவிடுகிறது என்றுதான் நிலைப்படுத்திய உயிரணுக்களில் தெரிந்தது. உயிரோடு இருக்கும் உயிரணுவில் பார்த்தால் அது குரோமோசோமில்தான் இருக்கிறது, நிலைப்படுத்தப் போடும் போர்மல்டிஹைட்டே அப்படிக் காட்டிவிடுகிறது என்று 2016இல் பெர்க்லி ஆய்வாளர்கள் எழுதினார்கள். படம் பொய் சொல்லும் என்பதற்கு இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பேன். அன்றைக்கும் இதே நியாயம்தான் என் மனதில் இருந்தது. ஆனால் அந்த 11 படமும் அதே போர்மல்டிஹைட்டில் கிடந்தவைதானே! நான் எதிர்பார்த்த இடத்தில் பச்சை இருந்ததால் அவற்றிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் அவளுடைய பழைய குறிப்புப் புத்தகம் கைக்கு வந்தது. முடிவு எழுதும் பத்தியில் வளையம் ஒன்றைப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். பக்கத்தில், "ஆன்டிபாடி உள்ளே போகவில்லை (அக்கா சொன்னார்)." ஸ்லைட் இன்னும் பிரிட்ஜில்தான் இருக்கிறது. ஓரத்தில் பூசிய நெயில் பாலிஷ் வெடித்துவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நீலம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பச்சை போய்விட்டது.