நெட்டில் பட்ட பந்து

நம் பள்ளி வாலிபால் மாஸ்டர் காலமான செய்தி நம் குழுவில் வந்தபோது நான் அலுவலகக் கூட்டம் ஒன்றில் இருந்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். கவனம் சிதறக் கூடாது என்று சொல்லித் தந்தவரே அவர்தானே.

பெயர் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் என்றால் நமக்கு ஒருவர்தான். அவருடைய விசிலைப் பற்றியும் சுவரில் அடித்த நூறு பந்தைப் பற்றியும் இந்த நினைவு மலரில் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நான் ‘கடைசி சர்வ்’ பற்றி எழுதுகிறேன். சர்வ் என்றால் கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தை எதிர்ப்பக்கம் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது.

வாலிபால் அணியில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லே போதும், வயிற்றைக் கலக்கும். கால் துவண்டு, இருட்டத் தொடங்கும் நேரத்தில் யாராவது ஒருவனைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுப்பார். மற்ற பதினொரு பேரும் பக்கக் கோட்டில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். பந்து உள்ளே விழுந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தவறினால் மைதானத்தைச் சுற்றி மூன்று ஓட்டம். அதுவும் அந்தப் பதினொரு பேருக்கு மட்டும். தவறவிட்டவன் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். கூட ஓடுகிறேன் என்று ஒருமுறை கெஞ்சினேன். “நீ உட்காரு ராசா” என்றார். அந்த ‘ராசா’ இன்னும் சுடுகிறது.

அதே மனிதர்தான் பொறுமையாக ஒரு வழிமுறையும் சொல்லிக் கொடுத்தார். பந்தை மூன்று தட்டு தட்டு. பின்மூலையைப் பார். மூச்சை விடு. அடி. கையைப் பற்றி நினைக்காதே, அதற்கு வேலை தெரியும் என்பார்.

1994இல் அந்த ஆட்டம். இளையவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சர்வ் போடும் அணிக்குத்தான் புள்ளி. சர்வைக் கோட்டைவிட்டால் சர்வ் எதிரணிக்குப் போகும், அவ்வளவுதான். முடிவு செட் மட்டும் வேறு. 1988இல் வந்த மாற்றத்தால் அதில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டு. நாங்கள் முடிவு செட்டில் இருந்தோம். அவர்களுக்கு 14, எங்களுக்கு 13, சர்வ் என் கையில். இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டம் அவர்களுக்கு. எதிரணி டைம் அவுட் கேட்டது.

முப்பது விநாடிதான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவனுக்கு முப்பது விநாடி தாராளம். பதினொரு பேர் ஓடுவது கண்ணில் தெரிந்தது. திரும்பிப் போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். மூன்று தட்டு தட்டினேனா என்று நினைவில்லை. மணிக்கட்டை எப்படி வைக்க வேண்டும் என்று யோசித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பந்து நெட்டின் மேல்பட்டையில் பட்டு எழும்பி, அந்தப் பக்கம் போய்த் தொப்பென்று விழுந்தது. யாரும் தொடவில்லை. அரை நொடி கையைத் தூக்கிக் குதித்தேன். அப்புறம்தான் விசில். சர்வ் நெட்டில் பட்டால் அன்று தவறு. நான் குதித்ததைப் பார்த்து எதிரணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தோற்றதைவிட அதுதான் என்னைத் தின்றது.

அதே ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் இத்தாலியின் பாஜியோ பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். அவருக்கு முன்பே அவர் அணியின் பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். உலகம் பாஜியோவை மட்டும் வைத்துக்கொண்டது. நம் பள்ளி என்னை வைத்துக்கொண்டது. என்ன, எனக்கு அவரளவு தலைமுடி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் மன உறுதிப் பயிற்சி வைத்தார்கள். பைலாக், கார் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வைத் திரையில் காட்டினார்கள். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டும் பயிற்சி. தம்மைப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தே பழகியவர்கள், பின்னால் நெருக்கடி வந்தபோது தடுமாறவில்லை. யாரும் பார்க்காமல் பழகியவர்கள் தடுமாறினார்கள். தானாக நடக்கும் வேலைக்குள் மனம் புகுந்து ஒவ்வொரு அசைவையும் மேற்பார்வை பார்ப்பதுதான் காரணமாம். அடப்பாவி மாஸ்டரே, இதைத்தானே இருட்டில் செய்தீர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் முழுவதும் அவர் பக்கம் பேச எனக்கு மனம் வரவில்லை. பதினொரு பேர் பார்க்கப் பழக்கியது சரி. அவர்களை ஓட விட்டது, என் மட்டில், தப்பு. எனக்குப் பந்தைவிட அவர்களுடைய கால்கள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன. நம் அணியில் அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த செட்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அந்த ஓட்டத்தால்தான் அணி அணியாக ஆனது என்பான். அவன் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மாலை மாஸ்டர் ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினார். திட்ட அல்ல. “முதல் சர்வ் அவன்தான் போடணும், வரச் சொல்லு” என்று சொல்லி அனுப்பியிருந்தார். பரீட்சை இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு மைதானப் பக்கம் போகவே இல்லை. வெளிநாடு கிளம்பியபோதும் பின்வாசல் வழியாகப் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாஸ்டர் மைதானத்தில் நின்றார். விசில் கேட்டது.

அவர் இறுதிச் சடங்கு முடிந்த அன்று இரவு செட்டர் கூப்பிட்டான். நெட்டில் பட்டு எதிர்ப்பக்கம் போகும் சர்வும் செல்லும் என்று 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு விதி மாறியது அல்லவா? அதைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டிய அன்று மாஸ்டர் சிரித்தாராம். செட்டர் பக்கத்தில் இருந்திருக்கிறான். “அவனுக்கு எழுதிப் போடுடா. அந்தப் பந்து இப்போ பாயிண்ட்டாம். வந்து போடச் சொல்லு” என்றாராம்.

ஏன்டா எழுதவில்லை என்று கேட்டேன்.

“எந்த விலாசத்துக்கு?” என்றான்.