நிறுவை நாட்கள்

ஜனவரி 7, 2025

எம்பிஏ படிப்புக்கான விண்ணப்பங்கள் மூன்றும் போய்விட்டன: ஹாவர்ட், பிரான்சின் இன்சியாட், ஹைதராபாத். கடைசி விண்ணப்பம் நேற்று நள்ளிரவு தாண்டித்தான் போனது. இனி நான் செய்ய ஒன்றுமில்லை என்று எழுதி வைத்துவிட்டு, பேனாவை மூடும் முன்னே மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாயிற்று.

ஜனவரி 9

இடம் கிடைக்க 22 வீதம்.

ஜனவரி 10

அம்மாவின் கால் விரல்கள் மாவுக்கட்டுக்கு வெளியே இன்னும் வீங்கித்தான் இருக்கின்றன. ஆட்டச் சொன்னேன். ஆட்டிக் காட்டிவிட்டு, "இத வச்சிக்கிட்டு என்னா செய்யிற, மலைக்கா போக முடியும்" என்கிறார். விழுந்த இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கூடையில் இருந்த தேயிலைக் கொழுந்து கொட்டிப்போனதைப் பற்றி மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டார்.

ஜனவரி 12

22 எங்கே இருந்து வந்தது என்று தம்பி கேட்கிறான். நானாகப் போட்டதுதான். எம்பிஏ நுழைவுப் பரீட்சையான ஜிமேட்டில் 655. இப்போதைய ஜிமேட்டில் 205இல் தொடங்கி 805 வரை, எல்லாப் புள்ளியும் ஐந்தில்தான் முடியும். பழைய 700க்கு நிகர் புதியதில் 645. 655 என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது. ஆனால் ஹாவர்டில் வருடக்கணக்காக நடுப்புள்ளி பழைய கணக்கிலேயே 730க்குக் குறையவில்லை. அதற்கு ஒரு கழிவு. பேராதனையில் எடுத்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவு, அதற்கு இன்னொரு கழிவு. ஆறு வருட வேலை அனுபவம், தேயிலை ஏலத் தரகர் கம்பனியில், அதற்குக் கொஞ்சம் கூட்டினேன். தோட்டத்தில் பிறந்ததைக் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமல் ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் விட்டும் பார்க்கிறேன். இதுதான் என் விஞ்ஞானம்.

பரீட்சைக்கு ஒரு தடவைக்கு 275 டொலர். ரூபாயில் எண்பதாயிரத்துக்கு மேல். அம்மாவின் 1350 ரூபாய்ச் சம்பளத்தில் அறுபது பேர், தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர் என்று பெயர். நான் இரண்டு தடவை எழுதினேன். அம்மாவிடம் ஒரு தடவை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கியது கிழக்குப் பக்கம். 25 வீதம்.

ஜனவரி 16

மேலாளர் என்ன எழுதியிருப்பார்?

பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, "நீயே எழுதி அனுப்பு, நான் ஏத்திவிடுறேன்" என்றார். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். அப்படிச் செய்யக்கூடாது என்று பள்ளிகள் சொல்வதும் தெரியும். நான் செய்த வேலைகளைக் குறித்து ஒரு பக்கம் மட்டும் கொடுத்தேன். நல்ல பிள்ளையாட்டம். அவர் ஏற்றியது முடிவு நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால். அதில் என்ன இருக்கிறது என்பதை உலகத்தில் எனக்கு மட்டும் காட்டமாட்டார்கள்.

ஜனவரி 21

ஏல நாள். லயன் வீட்டுக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், மேசை போட்டு, பக்கத்து வீட்டு வானொலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, திரையில் விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தொகுதிக்கும் ஏலத்துக்கு முன்னாலேயே ஒரு மதிப்பு விலை போடுவோம். கொழும்பில் சாயத்தை ருசித்துச் சொல்கிறார்கள், நான் போன வார விலை, யார் வாங்குகிறார்கள், எந்தத் தோட்டம், என்ன தரம் எல்லாம் பார்த்துப் பட்டியலைச் சரிசெய்கிறேன். இன்று என் கணக்குக்கும் விற்ற விலைக்கும் பெரும்பாலும் இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசமில்லை. தலவாக்கலை, திம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல பருவம் இது. இரவுக் குளிரும் காய்ந்த காற்றும் சேர்ந்தால் சாயம் தனியாகத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் போடலாம்.

ஆனால் ஒரு தொகுதி, சின்னத் தொழிற்சாலை ஒன்றுடையது, நான் போட்டதைவிட நூற்றைம்பது அதிகமாகப் போனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ இரண்டு பேருக்கு அன்றைக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். நாள் முழுக்க அந்தத் தொகுதியையே நினைத்துக்கொண்டிருந்தேன். 31 வீதம்.

ஜனவரி 24

புல்லெல்லாம் வெள்ளை. ஐஸ் விழுந்து ஓரத்து மலையில் கொழுந்து கருகிப்போனதாகத் தம்பி சொன்னான். மின்னஞ்சல் இல்லை.

ஜனவரி 26

காசு வாங்கிக்கொண்டு சான்ஸ் சொல்கிற ஆள் ஒருவரிடம் முதல் அரை மணி நேரம் இலவசம் என்பதால் பேசினேன். எல்லாம் அனுப்பிய பிறகு பேசி என்ன பயன், கேட்க வேண்டும்போல் இருந்தது. கட்டுரையை வாசித்துவிட்டு, "லயன் வீடு இரண்டாம் பக்கத்தில்தான் வருது, அதை முதல் வரிக்குக் கொண்டு வந்திருக்கணும்" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. முதல் வரைவில் முதல் வரியில்தான் இருந்தது. எடுத்தேன், போட்டேன், எடுத்தேன்.

உயர்தரத்துக்குப் பிறகு எனக்கு வெட்டுப்புள்ளியை நான்கு தசம தானம் வரை தெரியும். நூற்றுக்கு நாற்பது இடம் தீவு முழுவதற்குமான திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டத்துக்கு, ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா மாவட்டத்தில் நான் வெட்டுப்புள்ளிக்கு மேலே 0.02. கொழும்பு மாவட்டமாக இருந்தால் வீட்டில்தான். விடுதியில் ஒருத்தி மூன்று வருடமும் அதை மறக்கவிடவில்லை. ஆனாலும் அந்த 0.02 என்னுடையது, தாளில் அச்சடித்து வந்தது. ஹாவர்டில் வெட்டுப்புள்ளியே கிடையாது. பத்தாயிரத்துக்குக் கிட்ட விண்ணப்பம், 930 இடம், நடுவில் ஒரு கதவு. என்னுடைய மாவட்டம் என்னைத் தூக்கிவிட்டதா, தூக்கவில்லையா என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். தூக்கியது என்று நானே முடிவு செய்துகொண்டு வாழ்நாள் முழுக்க வெட்கப்படலாம்.

16 வீதம்.

ஜனவரி 27

அந்த ஆளுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 30

இன்சியாட்டிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது!! பழைய மாணவர் இரண்டு பேர் தனித்தனியாகப் பேசுவார்கள். முதல் ஆள் துபாயில், 9ஆம் திகதி, நம் நேரம் பகல் 12 மணி. அம்மாவிடம் சொன்னேன். "எத்தன கிலோவுக்கு ஒரு பேரு?" என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்டது இல்லை அது.

எங்கள் தோட்டத்தில் 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர். ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோ கழிப்பார்கள், வெயில் காலத்திலும் கழிப்பார்கள், அதற்காக அம்மா கணக்கப்பிள்ளையோடு போட்ட சண்டை எல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் தராசு முன்னாலேயே நிற்கும். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். கிலோக் கணக்கு ஒன்றும் இல்லையம்மா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றேன். "அப்ப அவனுக இஷ்டம்னு சொல்லு" என்றார்.

பெப்ரவரி 3

ஏன் இப்போது? ஏன் எங்கள் பள்ளி? ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்? தோற்றுப்போன ஒரு சந்தர்ப்பம்? கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் தோற்றுப்போய்க்கொண்டிருக்கிறேன். மேலாளர் என்ன எழுதியிருப்பார்.

பெப்ரவரி 9

பகல் பன்னிரண்டுக்கு முன்னாலேயே கரண்ட் போனது. தோட்டத்தில்தான் என்று நினைத்தேன், டவுனிலும் இல்லை என்றார்கள், பிறகு நாட்டிலேயே இல்லை என்றார்கள். வைஃபை செத்தது. கைபேசியில் 38 வீதம் சார்ஜ். இன்று எண்ணிய ஒரே வீதம் அதுதான். நல்ல சட்டையோடு, கீழே ரப்பர் செருப்போடு, மேட்டு லயத்தைத் தாண்டி முனியாண்டி கோயிலடிக்கு ஓடினேன். அங்கே இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். மூச்சு வாங்க வாங்க வணக்கம் சொன்னேன். படம் உறைந்து உறைந்து வந்ததால் படத்தை அணைத்துவிட்டுப் பேசலாமா என்றார். எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று.

பின்னால் சேவல் கூவியது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். தயாரித்து வைத்த பதில் ஒன்றும் அதற்கு இல்லை. மின்சாரம் போனது, மலைமேல் நிற்கிறேன், கீழே தெரிகிற தேயிலையைச் செவ்வாய்க்கிழமை விற்பவள் நான், பறிப்பது என் அம்மா, இப்போது கால் முறிந்திருக்கிறது என்று சொன்னேன். கிலோவுக்கு என்ன விலை, அதில் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவர் கேட்க, இருபது நிமிடம் அதையே பேசினோம். ஐந்து வருடத்தில் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. அது நல்லதா கெட்டதா?

பாணந்துறைப் பக்கம் உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். மின்சக்தி அமைச்சரே சொன்னார். தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

பெப்ரவரி 10

கட்டுரையில் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிய லயத்தை வாயால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். விற்றேனா? கேட்டார், சொன்னேன். விற்கவில்லை.

40 வீதம்.

பெப்ரவரி 11

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை. கரண்ட் கொஞ்ச நேரம் போய் வந்தது.

பெப்ரவரி 13

ஹாவர்ட் முடிந்தது. நேர்காணல் இல்லாமலே. ஒரு வருடப் படிப்புக் கட்டணம் மட்டும் 76,000 டொலரைத் தாண்டும், அதனால் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், தேவைப்பட்டவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தும். அம்மாவிடம் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை, அதைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார்.

பெப்ரவரி 17

வரவுசெலவுத் திட்டம். தோட்டச் சம்பளத்தை 1700 ஆக்க யோசனை என்று ஜனாதிபதி வாசித்தார். அம்மா கட்டுக் காலைக் கதிரையில் நீட்டியபடி கேட்டுவிட்டு, "சொல்றதுக்கு என்னா" என்றார். பிறகு கணக்குப் போடச் சொன்னார். போட்டேன். ஒரு ஜிமேட்டுக்கு 48 பேர். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 20

ஹைதராபாத் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். ஒரே வருடம், பூட்டன் வந்த நாடு, தமிழ் இல்லையென்றாலும் சோறு கிடைக்கும். தெலுங்கு அம்மா அது, என்றேன். "சோறுதானே" என்றார்.

பெப்ரவரி 27

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் மெலிந்து, வெளுத்து, யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. எப்போது மலைக்குப் போகலாம் என்று டொக்டரிடம் அம்மா கேட்டார். பார்க்கலாம் என்றார் அவர். வீதம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்று போடவில்லை.

மார்ச் 2

மேலாளரிடம் கேட்டேவிட்டேன். "உண்மையத்தான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உண்மை என்றால் எது? போன வருடம் ஒரு தொகுதியைத் தப்பாக மதிப்பிட்டதா? 28. இல்லை, 24.

மார்ச் 4

வியாழக்கிழமை இரண்டாவது ஆள், கொழும்பில் இருக்கிற ஒரு அக்கா. மூச்சு வாங்காமல் பேசவேண்டும், இந்த முறை சார்ஜை முழுக்க ஏற்றவேண்டும். இன்று ஏலம் வேறு. இதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், அம்மாவைக் காணோம், குடத்தையும் காணோம், சொல்லாமல் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருக்கிறார், அந்தப் படி முழுக்கப் பாசி