ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள்: குவாங்சோ நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 21, வியாழன்

சீன நாட்காட்டியில் இந்த ஆண்டு ஆறாம் மாதம் இரண்டு முறை வந்திருக்கிறது. சந்திர ஆண்டின் 354 நாள்கள் சூரிய ஆண்டோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் 19 ஆண்டுகளுக்குள் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்தாக வேண்டும். அவ்வாறு சேர்ந்த இரண்டாவது ஆறாம் மாதம் நாளையோடு முடிகிறது. சென்ற ஆண்டு ஆகஸ்ட் 10-இல் வந்த சீஷி திருநாள் இந்த ஆண்டு 29-க்குத் தள்ளிப்போனதற்கு இதுவே காரணம். சீஷி என்றால் ஏழாம் நாள் மாலை. ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள் இரவு, வானத்து ஆற்றின் இரு கரைகளிலும் பிரிந்து நிற்கும் நெசவுப்பெண்ணும் ஆயனும் ஆண்டுக்கு ஒரு முறை சந்திப்பதாக நம்பிக்கை.

திருப்பூர் ஆடை நிறுவனங்களுக்காக லேஸ், பட்டன், ஜிப் ஆகியவற்றைத் தேர்ந்து அனுப்பும் வேலையில், தென்சீன நகரமான இந்தக் குவாங்சோவில் மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டேன். ஜோங்தா துணிச்சந்தையில் நாளெல்லாம் நடக்கும் எனக்கு, இத்திருநாள் இதுவரை ரோஜாப்பூ விலை ஏறும் சீனக் காதலர் நாளாக மட்டுமே தெரிந்திருந்தது. எழுபது வயதைக் கடந்த வீட்டுக்கார அம்மாவை நான் ஆபோ என்று அழைப்பேன். கான்டனீஸ் மொழியில் பாட்டி என்று பொருள். இன்று காலை அவர் இரண்டு ஐந்து லிட்டர் கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சாட்ஜேயின் தண்ணீர் பிடிக்க வேண்டும்" என்றார். சாட்ஜே என்றால் ஏழாம் அக்கா; வானத்து அக்காமார் ஏழு பேரில் ஒருத்தியான நெசவுப்பெண்ணை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் ஒரு முறைகூடக் காதலர் நாள் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இந்த ஒரு வாரமும் இதைத் தொடர்ந்து எழுதலாம் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 23, சனி

இன்று அமாவாசை. சீனக் கணக்கில் அமாவாசை நாளே மாதத்தின் முதல் நாள் என்பதால் ஏழாம் மாதம் இன்று பிறந்தது. விடுமுறையாகவும் இருந்ததால் ஆபோவின் பழைய தோழி ஒருவரைத் தேடிக்கொண்டு ஜூச்சுன் கிராமத்துக்குப் போனேன். கிராமம் என்று பெயரே தவிர, நாலு பக்கமும் அடுக்குமாடிகள் சூழ்ந்த நகரத்துண்டு அது; பான் என்னும் குடும்பப் பெயர் கொண்டவர்களின் மூதாதையர் மண்டபங்கள் மட்டும் தாழ்ந்த ஓட்டுக்கூரையோடு நடுவில் நிற்கின்றன. இக்கிராமம் அமைந்துள்ள மாவட்டத்தின் பெயர் தியான்ஹே. அதன் நேர்ப்பொருள் வானத்து ஆறு, அதாவது நாம் பால்வீதி என்றும் ஆகாய கங்கை என்றும் சொல்வது.

மண்டபத்தின் பக்க அறையில் மூதாட்டிகள் ஆறேழு பேர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் விரல் நகத்தின் அளவே உள்ள செருப்புக்கு மணி கோத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எள்ளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் பசை தடவிய அட்டையில் ஒட்டி, ஒரு விளக்கின் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் ஏழேழாகச் செய்யப்பட வேண்டும்: ஏழு சிறு ஆடைகள், ஏழு விசிறிகள், ஏழு ஜோடிச் செருப்புகள். வானத்து அக்காமார் ஏழு பேர் அல்லவா. இவற்றை மேசைமேல் அடுக்கி வைப்பதை இங்கே "ஏழாம் அம்மையைப் பரப்புதல்" என்கிறார்கள். நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைக்கும் வீட்டின் மணம் அந்த அறையில் இருந்தது. ஆனால் நம் கொலுவில் பெரும்பாலும் வாங்கிய பொம்மைகள், இங்கோ வாங்கிய பொருளுக்கு மதிப்பே இல்லை.

சன்னலோரத்தில் வரிசையாகச் சிறு கிண்ணங்கள் இருந்தன. அவற்றில் நெல் முளைத்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு நின்றது. தேவதையை வணங்குவதற்கான நாற்று என்று அதற்குப் பெயர். இதை என் ஊரில் முளைப்பாரி என்போம் என்று கைப்பேசியில் படம் காட்டினேன். மூதாட்டிகள் படத்தைக் கைமாற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் நாற்று இன்னும் அடர்த்தியாக வேண்டும், தண்ணீரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று தங்களுக்குள் குறைபட்டுக்கொண்டார்கள்.

மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டுப் பல்லாண்டுகள் வெளியே தலைகாட்டாமல் இருந்த இவ்வழக்கத்தை, தொண்ணூறுகளின் இறுதியில் இவ்வூர் மூதாட்டிகள் சிலரே மீண்டும் வெளிப்படையாகத் தொடங்கினார்கள். 2005 முதல் நகர அளவிலான விழாவாக இது நடக்கிறது. சீஷி திருநாள் 2006-இல் சீனத் தேசிய மரபுரிமைப் பட்டியலின் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுவிட்டது. ஊரில் இதன் பெயர் சீஷி அன்று, சீச்சியாவ். கைத்திறனை இரந்து கேட்டல் என்று அதற்குப் பொருள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தென்சீனக் கடலில் புயல். வெளியே போக முடியாததால் கதையை எழுதிவிடுகிறேன்.

விண்ணரசியின் பேத்தியான நெசவுப்பெண் மேகங்களை நெய்பவள். மண்ணில் அண்ணனும் அண்ணியும் துரத்திவிட்ட ஆயன் ஒருவன் ஒரு கிழட்டு எருதோடு வாழ்ந்தான். விண்மகளிர் நீராட வரும்போது ஒருத்தியின் ஆடையை எடுத்து மறைத்துக்கொள் என்று எருது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவள் திரும்பிப் போக முடியாமல் அவனுக்கு மனைவியானாள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. செய்தி அறிந்த விண்ணரசி அவளை இழுத்துச் சென்றபோது, இறந்துபோன எருதின் தோலைப் போர்த்திக்கொண்டு, குழந்தைகளை இரண்டு கூடைகளில் வைத்துக் காவடியாகத் தோளில் சுமந்து ஆயன் பறந்தான். எட்டிப்பிடிக்கும் நேரத்தில் விண்ணரசி தன் கொண்டை ஊசியால் வானில் ஒரு கோடு கிழித்தாள். அந்தக் கோடு ஆறாயிற்று. ஆண்டுக்கு ஒரு முறை, சீச்சுவே எனப்படும் கறுப்பு வெள்ளைக் காக்கையினப் பறவைகள் ஒன்றுகூடிப் பாலமாகின்றன. அந்நாளுக்குப் பிறகு அவற்றின் தலையில் இறகு உதிர்ந்திருப்பது மிதிபட்டதனால் என்பார்கள்; கோடை முடிவில் அவை இறகு மாற்றும் என்பதே நடப்பு.

ஆடையை ஒளித்துவைத்து ஒருத்தியை மனைவியாக்கிக்கொள்வதைக் காதல் என்று எப்படிச் சொல்வது? இக்கேள்வியை இங்குள்ள இளம்பெண்கள் என்னைவிடக் கூர்மையாகக் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. கதையில் அவள் தறியில் அமர்ந்திருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சென்னிமலையில் என் தாத்தா வீட்டுத் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நாடா ஓடும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவள் நான். பாவு ஓட்டும் வேலையில் பாதி பாட்டியுடையது; துணிக்குக் கூலி வாங்கியவர் தாத்தா.

இக்கதைமாந்தர் முதலில் தலைகாட்டும் இடத்தில் காதலே இல்லை. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில், வரிச்சுமையால் நொந்த கிழக்கு நாட்டு மக்களின் முறையீடு ஒன்று உண்டு. நெசவுப்பெண் என்று ஒரு விண்மீனுக்குப் பெயர், ஆனால் ஒரு முழத் துணியும் அதனால் வருவதில்லை. எருது என்று இன்னொன்றுக்குப் பெயர், வண்டி இழுக்காது. முறம் என்று ஒன்று, புடைக்காது. பெயருக்கு உயரத்தில் இருப்பவர்கள் பயனுக்கு உதவுவதில்லை என்ற ஏளனம் அது. ஆற்றின் இரு கரைகளில் பேச முடியாமல் நிற்கும் இருவராக அவர்களைப் பார்ப்பது பிந்திய ஹான் வம்சக் காலத்துக் கவிதைகளில்தான் வருகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சந்தை முழுக்க இளஞ்சிவப்பு. அங்காடி வாயில்களில் இதய வடிவப் பலூன்கள், உணவகங்களில் இருவருக்கான விருந்துப் பட்டியல்கள். 520 என்ற எண்ணைச் சீன மொழியில் சொன்னால் "உன்னை நேசிக்கிறேன்" என்பதைப் போல ஒலிக்கும் என்பதால், கைப்பேசி வழியாக 520 யுவான் அனுப்புவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கும் ஹூனான் இளைஞர் வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்டிருக்கிறார், திருமணப் பதிவு. முன்பெல்லாம் குடும்பப் பதிவேடு உள்ள சொந்த மாகாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்த ஆண்டு மே 10 முதல் நாட்டின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ளலாம் என்று விதி மாறியிருக்கிறது. 2024-இல் சீனா முழுவதும் பதிவான திருமணங்கள் 61 இலட்சம். அதற்கு முந்தைய ஆண்டில் 76 இலட்சத்துக்கும் மேல். இந்தச் சரிவுதான் விதியைத் தளர்த்த வைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். "சீஷியில் பதிவு செய்தால் ஆண்டுக்கு ஒரு நாள்தான் சந்திப்பீர்கள், பார்த்துக்கொள்" என்று கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் அவரைச் சீண்டினார். அவர் சிரித்துக்கொண்டே, இப்போதும் அப்படித்தானே என்றார். பெண் ஷென்ஜெனில் இரவு முறை வேலை செய்கிறாள்.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று பிள்ளையார் சதுர்த்தி. அதே வளர்பிறைதான். கொழுக்கட்டையை ஆபோவுக்குக் கொடுத்தேன். பூரணத்தில் வெல்லம் போதவில்லை என்று நானே சொல்லும்படி ஆயிற்று.

பழைய பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நூற்றாண்டில் யாங்சி ஆற்றின் நடுப்பகுதி வழக்கங்களை எழுதிவைத்த சோங் லின், இவ்விரவில் பெண்கள் ஏழு துளையுள்ள ஊசியில் வண்ண நூல் கோத்ததையும், முற்றத்தில் பழங்களைப் படைத்ததையும், பழத்தின்மேல் சிலந்தி வலை பின்னினால் வேண்டுதல் பலித்ததாகக் கொண்டதையும் குறித்திருக்கிறார். மிங் வம்சத்தின் பிற்காலத்துப் பெய்ஜிங்கில் பகற்சோதனை ஒன்றும் இருந்தது. கிண்ணத்து நீரை வெயிலில் வைத்தால் மேலே மெல்லிய ஏடு படியும். நண்பகலில் அதன்மேல் ஊசியை மிதக்கவிட்டு, அடியில் விழும் நிழலைப் பார்ப்பார்கள். நிழல் மேகம்போலவோ பூப்போலவோ விழுந்தால் அவள் கைகாரி. உலக்கைபோல் தடித்து விழுந்தால் திறன் வாய்க்கவில்லை.

சோங் வம்சத் தலைநகரான கைஃபெங்கில் இத்திருநாளுக்கென்றே மோஹெலெ என்னும் களிமண் குழந்தைப் பொம்மைகள் விற்கப்பட்டன. பெயர் சீனச் சொல் அன்று. இராகுலன், மகோரகம் என்று வெவ்வேறு வடசொற்களை ஆய்வாளர் காட்டினாலும், அது பௌத்தத்தோடு இங்கு வந்தது என்பதில் பலரும் உடன்படுகிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன், நள்ளிரவுக்குப் பின்

குவாங்சோ அமைந்துள்ள குவாங்டாங் மாகாணத்தில் வழிபாடு ஆறாம் நாள் இரவிலேயே தொடங்கிவிடும். ஜூச்சுனிலிருந்து இப்போதுதான் திரும்பினேன்.

மேசைகள் சிவப்புத் துணியால் மூடப்பட்டிருந்தன. சனிக்கிழமை பார்த்த எள் சுவர் இன்று முழு விளக்காகி, உள்ளிருந்து ஒளிர்ந்தது. முளைத்த நெற்கிண்ணங்களின் நடுவே சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தார்கள். மணி கோத்துக்கொண்டிருந்த மூதாட்டி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தன் செருப்புகளின் முன் நிறுத்தினார். ஏழாவது ஜோடியின் ஒரு செருப்பில் மணி ஒன்று குறைந்திருந்தது. கண் தெரியவில்லை, நீயாவது கோத்துவிடு என்று ஊசியைத் தந்தார். கோப்பதற்கு எனக்கு நாலு முயற்சி ஆயிற்று. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் லேஸின் குறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் என் கையால் ஒரு மணியைச் சட்டென்று கோக்க முடியவில்லை.

சுற்றிலும் இளம் ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் தன் தோழியிடம், இதெல்லாம் அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக என்று விளக்கினான். அருகில் இருந்த மூதாட்டி அவனைத் திரும்பிப் பார்த்து, "எங்களுக்குள் காட்டிக்கொள்வதற்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊதுவத்தியைச் சரிசெய்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடியலுக்கு முன்பே ஆபோ கதவைத் தட்டிவிட்டார். ஏழாம் நாள் சேவல் முதன்முறை கூவும் வேளையில் இறைத்த நீர் ஆண்டு முழுதும் கெடாது, காய்ச்சலுக்கு மருந்தாகும், அதில் ஊறவைத்த வெள்ளைப் பூசணியும் கெடாது என்பது குவாங்டாங் நம்பிக்கை. சேவல் இரண்டாம் முறை கூவிவிட்டால் அந்நீருக்கு அந்தக் குணம் இல்லை. இவ்வட்டார வழக்கங்களை எழுதிய குவிங் வம்சக் காலத்து அறிஞர் சூ தாஜுன், இந்த நீர் மற்ற நாள் நீரைவிட எடை கூடியது என்றும் குறித்திருக்கிறார். எங்கள் தெருவில் கிணறும் இல்லை, சேவலும் இல்லை. குழாயைத் திறந்து கேனை நிரப்பினோம்.

இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டேன். மேற்கே சரிந்துகொண்டிருந்த பிறை பாதிக்குச் சற்றுக் குறைவு. உச்சிக்கு வடக்கே வெண்ணீலமாக நெசவுப்பெண். நம் பஞ்சாங்கத்தில் அது அபிஜித், உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் இடையில் வைத்து, இருபத்தேழுக்குள் சேர்க்காமல் விடப்பட்டது. உச்சிக்குத் தெற்கே ஆயன், இரு பக்கமும் மங்கலான குழந்தைகளோடு. அந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம் திருவோணம். நம்மவர்கள் அதை முக்கோல் என்றார்கள். சீன நாட்டுப்புறத்தில் அதற்குக் காவடித்தண்டு என்று பெயர். இருவருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 15 ஒளியாண்டுகள். ஆறுதான் தெரியவில்லை. வானத்து ஆறு என்று பெயர் வைத்த மாவட்டத்தின் விளக்குகளே அதை மறைத்துவிட்டன.

திருப்பூரில் இருக்கும் என்னவருக்குத் தொலைபேசினேன். அவருக்கு அங்கே மாலை ஆறரை. பின்னலாடைக் கம்பெனியின் சத்தத்தில் நான் சொன்னதில் பாதி கேட்கவில்லை. "திருவோணம்" என்றதை மட்டும் கேட்டு, ஓணத்துக்கு லீவு உண்டா என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

ஆபோ இன்று விடியலில் இன்னொரு கேன் நிரப்பினார், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. துணிக்கட்டு நிறுக்கும் என் கொக்கித் தராசை எடுத்துவந்தேன். ஒரே அளவுக் கோடு வரை நிரப்பிய இரண்டு கேன்களையும் மாற்றி மாற்றி மூன்று முறை நிறுத்தோம். இரண்டும் 5.2 கிலோ காட்டின. ஆபோ தராசைத் தன் கையில் வாங்கி நாலாவது முறையும் நிறுத்துப் பார்த்தார். பிறகு, நேற்று நீ எழுந்துவருவதற்குள் சேவல் இரண்டாம் முறை கூவியிருக்கும், அடுத்த ஆண்டு மூன்று மணிக்கே எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, நேற்றைய கேனில் தேதி எழுதிய சீட்டை ஒட்டி அடுப்படி அலமாரியின் அடித்தட்டில் வைத்தார்.