அப்ரைசல் குறைக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதி முடித்த கதை

அலுவலகத்தில் வருடாவருடம் நடக்கும் வேலை மதிப்பீட்டில் (அப்ரைசல்) ரேட்டிங் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேலாளர் எழுதியிருந்த காரணம்தான் இன்னும் உறுத்துகிறது: "நீட்ஸ் டு ஷோ மோர் ஓனர்ஷிப். கம்யூனிகேஷன் குட் பி பெட்டர்." வேலையை இன்னும் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும், தகவல் சொல்லும் விதம் மேம்பட வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான். எந்த வேலையில், எப்போது, யாரிடம், ஒன்றும் கிடையாது. இதற்கு 'எம்ப்ளாயீ கமென்ட்ஸ்' பெட்டியில் பதில் எழுதிவிட்டு 'அக்னாலெட்ஜ்' பட்டனை அமுக்க வேண்டும். செல்ஃப் அப்ரைசல் எழுதியதெல்லாம் வழக்கம்போல் சிக்கலில்லாமல் முடிந்தது. படுத்தியெடுத்தது இந்தப் பெட்டியும் பட்டனும்தான்.

பட்டனை அமுக்கினால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? ஹெச்.ஆரில் கேட்டேன். "எல்லாரும் அமுக்கியாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார்கள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. மெயிலில் கேட்டால் பாலிசிக்கு ஒரு லிங்க் வந்தது. திறந்தால் எனக்கு அனுமதி இல்லையாம். அவர்களுக்கு மேலே இருப்பவரைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது 'படித்தேன்' என்பதற்கான அடையாளம் மட்டும்தான் என்று. பல அலுவலகங்களில் இதுதான் நடைமுறை. இருந்தாலும் வாய்வார்த்தையை நம்பி அமுக்க மனம் வரவில்லை. கமென்ட்டின் முதல் வரியிலேயே இதைப் போட்டுவிட்டேன்: "மை அக்னாலெட்ஜ்மென்ட் கன்ஃபர்ம்ஸ் ரிசீட் ஆஃப் திஸ் ரிவ்யூ, நாட் அக்ரீமென்ட் வித் ஆல் ஆஃப் இட்." உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் இந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, என்ன எழுதுவது? இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் "தேங்க் யூ ஃபார் யுவர் வேல்யுபிள் ஃபீட்பேக், ஐ வில் டேக் இட் பாசிட்டிவ்லி" ரகம். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருடம் யாராவது எடுத்துப் படித்தால், சொன்ன குறை முழுவதையும் நீங்களே ஏற்றுக்கொண்டது போலத்தான் தெரியும். பக்கத்து சீட் நண்பர் கொடுத்த யோசனை நேரெதிர்: "வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட், ஐ ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ" என்று ஆரம்பி என்றார். 'டியூ ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தாலே அடுத்து மரியாதை இருக்காது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். "ஐ ஆம் சாரி யூ ஃபீல் தட் வே" அதைவிட மோசம். மன்னிப்பு மாதிரி இருக்கும், குத்தலாகப் போய்ச் சேரும்.

எடுத்துக்காட்டே இல்லாத குறைக்கு எந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் காற்றோடு மல்லுக்கட்டுவதுதான். அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு மேலாளரிடம் நேரம் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, பேச்சும் ஆங்கிலம்தான். 'ஒய் டிட் யூ ரைட் திஸ்?' என்று கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். நான் கேட்டது: "குட் யூ வாக் மீ த்ரூ எ ரீசன்ட் எக்ஸாம்பிள்?"

"நத்திங் ஸ்பெசிஃபிக். இட்ஸ் எ ஜெனரல் பெர்செப்ஷன்."

யாருடைய பெர்செப்ஷன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "ஐ வான்ட் டு ஒர்க் ஆன் திஸ். இஸ் தேர் ஒன் சிச்சுவேஷன் வேர் யூ எக்ஸ்பெக்டட் சம்திங் டிஃபரென்ட் ஃப்ரம் மீ?" என்றேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த அமைதி சங்கடமாகத்தான் இருந்தது. அதை நிரப்ப நாமே பேச ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். கடைசியில் அவரே சொன்னார்: ஒரு வாடிக்கையாளருக்குத் தாமதமாகப் போன ரிப்போர்ட்.

இங்கே ஒரு வேடிக்கை. குறை சொல்வதற்கு எஸ்.பி.ஐ. என்று ஒரு முறை உண்டு, சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற தலைமைப் பயிற்சி நிறுவனம் உருவாக்கியது. சிச்சுவேஷன், பிஹேவியர், இம்பேக்ட்: எந்தச் சூழ்நிலை, என்ன செய்தார், விளைவு என்ன. மேலாளர்களுக்கான எங்கள் பயிற்சியிலேயே இது இருக்கிறது. எழுதும்போது மட்டும் மறந்துவிடும் போல. உங்கள் மேலாளரும் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ரிப்போர்ட் என்று தெரிந்ததும் பழைய மெயில்களைத் தோண்டினேன். "நான்தான் அப்போதே சொன்னேனே" என்று கத்த வேண்டும்போல இருந்தது. எழுதியது இவ்வளவுதான்: "தி ரிப்போர்ட் வென்ட் அவுட் ஆன் தி 18த். தி டேட்டா வீ நீடட் கேம் இன் ஆன் தி 17த். ஐ ஹேட் ஃப்ளாக்ட் தி டிலே ஆன் தி 12த். தட் மெயில் இஸ் அட்டாச்ட்." ஆக்சுவலி இல்லை, பட் இல்லை, ஆல்ரெடி இல்லை. டேட்டா தரவேண்டிய டீமின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இணைத்த மெயிலில் அது இருக்கிறது, போதும்.

அதே மீட்டிங்கில் கம்யூனிகேஷன் விஷயம் சீக்கிரம் முடிந்தது. ஸ்டேட்டஸ் மெயில் அவருக்கு மதியத்துக்குள் வேண்டுமாம். நான் மாலையில் அனுப்பிக்கொண்டிருந்தேன், யாரும் சொன்னதில்லை. "ஐ கேன் டூ தட் ஃப்ரம் மண்டே" என்றேன், சரி என்றார்.

மீட்டிங் முடிந்த கையோடு ஒரு மெயில் தட்டினேன்: "டு சம்மரைஸ் வாட் வீ டிஸ்கஸ்ட்..." என்று தொடங்கி, கடைசியில் "ப்ளீஸ் கரெக்ட் மீ இஃப் ஐ ஹேவ் மிஸ்ட் எனிதிங்." பதிலாக ஒரே ஒரு "ஓகே" வந்தது. அந்த ஓகேயைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் ரேட்டிங் நன்றாக வந்த வருடங்களில்கூடப் பட்டதில்லை.

பெட்டியில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள். பாதியில் ஃபோன் பேசிவிட்டு வந்தால் செஷன் டைம்-அவுட், எழுதியது மொத்தமும் போச்சு. வேர்டிலிருந்து ஒட்டினால் மேற்கோள் குறிகள் கேள்விக்குறிகளாக மாறி, நான் ஒவ்வொரு வரியிலும் மேலாளரைச் சந்தேகப்படுவது மாதிரி இருந்தது. நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள். அனுப்பியதும் பூட்டிக்கொள்ளும், அதற்கு முன்பே பி.டி.எஃப். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பல நிறுவனங்களில் அது விதிமீறல், புதுத் தலைவலி. இது பி.ஐ.பி. வரை (பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான், அதாவது கெடு வைத்து வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லும் திட்டம்) போய்விட்டால் கதையே வேறு. 30, 60, 90 நாள் என்று கெடு வைப்பார்கள். அங்கே சொல்நயமெல்லாம் எடுபடாது, அளக்கக்கூடிய இலக்கை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஓனர்ஷிப் வரியை மேலாளர் திருத்தினார். "ரிப்போர்ட் டிலேட் டியூ டு லேட் இன்புட்ஸ்" என்று இப்போது இருக்கிறது. ரேட்டிங் மாறவில்லை. அதற்கு அப்பீல் செய்யத் தனி ஃபார்ம் இருந்ததாம், அதன் கடைசித் தேதி கமென்ட் பெட்டியின் கடைசித் தேதிக்கு முன்பே முடிந்துவிட்டது. நான் திறக்க முடியாத அந்த பாலிசியில்தான் அது இருக்கிறது என்று ஹெச்.ஆர். பிறகு சாவகாசமாகச் சொன்னார்கள். நீங்கள் அந்தத் தேதியை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மெயிலில்.