அமாக்ஸிசிலினுக்கு மசியாத நிமோனியா

அமாக்ஸிசிலின் ஆரம்பித்து மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், உடனே செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்கு மாறுவதுதான் வழக்கம். சில கேஸ்களில் அது வெறும் நாள் கடத்தல். இரண்டும் ஒரே பீட்டா லாக்டம் குடும்பம்; பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் கொல்பவை. நிமோனியா தரும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் சுவரே கிடையாது. லீஜியோனெல்லா என்ற இன்னொன்றுக்குச் சுவர் உண்டு, ஆனால் அது நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் குடியேறிப் பெருகும்; அங்கே இந்த மருந்துகள் போதுமான அளவு போய்ச் சேராது.

மைக்கோபிளாஸ்மா மெதுவாக வரும். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 3 வாரம் ஆகலாம். அதனால் "வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருந்ததா?" என்று கேட்கும்போது, போன மாதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வறட்டு இருமல், தலைவலி. ஸ்டெத்தில் பெரிதாக ஒன்றும் கேட்காது, எக்ஸ்ரேயோ மோசமாக இருக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் டெஸ்ட் முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். தொண்டை ஸ்வாபில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் மேல்.

சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டிலேயே ஒரு துப்பு கிடைப்பதுண்டு. சிவப்பணு எண்ணிக்கை நம்ப முடியாத அளவு குறைவு, எம்சிஹெச்சி (சிவப்பணுவில் ஹீமோகுளோபின் செறிவு) நடக்கவே முடியாத அளவு அதிகம். மெஷின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். டியூபை 37 டிகிரியில் சூடாக்கி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். எண்கள் சரியாகிவிட்டால், குளிரில் அணுக்களை ஒட்டவைக்கும் கோல்ட் அக்லுட்டினின் என்ற எதிர்ப்பொருள் இருக்கிறது. மைக்கோபிளாஸ்மாவை உறுதிசெய்ய இது போதாது, சந்தேகப்பட இது போதும்.

லீஜியோனெல்லா வேறு ரகம். 1976 ஜூலையில் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் நடந்த முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்குப் பிறகு வெடித்தது. கிருமி பிடிபட்டது 1977 ஜனவரியில். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில், 25 முதல் 45 டிகிரியில் வளரும். கூலிங் டவர், ஷவர் ஆகியவற்றின் நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதால் வரும். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். கடும் காய்ச்சலோடு பேதி, குழப்பமான பேச்சு, சோடியம் 130-க்குக் கீழே என்று சேர்ந்து வந்தால் நினைவுக்கு வர வேண்டும். சிறுநீர் ஆன்டிஜென் டெஸ்ட் பெரும்பாலும் இதன் ஒரே வகையான செரோகுரூப் 1-ஐ மட்டுமே பிடிக்கும், நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். சாதாரண கல்ச்சரில் வளராது. சிஸ்டீனும் இரும்பும் சேர்த்த தனி மீடியம் வேண்டும் என்பதால் லேபுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நம்மூரில் இந்தப் பட்டியலில், நுண்ணிய மைட் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸையும் சேர்த்தே ஆக வேண்டும். மழைக்காலத்திலிருந்து பனிக்காலம் வரை, காய்ச்சலோடு மூச்சுத்திணறல் என்றால் துணியை விலக்கித் தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ், அரைஞாண் கயிறு பதியும் இடம். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு. வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது.

மருந்து? டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை மைக்கோபிளாஸ்மா, ஸ்க்ரப் டைபஸ் இரண்டுக்கும் சரி. அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒன்று, மூன்றுக்கும் வேலை செய்யும், கர்ப்பிணிகளுக்கு இதுதான். லீஜியோனெல்லா உறுதியானால் லீவோஃப்ளாக்சசின் 750 மி.கி. நல்ல தேர்வு, ஆனால் ஸ்க்ரப் டைபஸுக்கு அதை நம்பக்கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு: லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். நாலு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், டயக்னோசிஸ் தள்ளிப்போகும். சளியைக் காசநோய்க்கான சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். அசித்ரோ, லீவோ இரண்டும் இசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டும், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அதே வேலையைச் செய்யும் ஆன்டன்செட்ரானை வாந்திக்குப் போடும் முன் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்து மாத்திரையோ ஆன்டாசிடோ கூடவே போட்டால் மருந்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.