எடைமேடைக் கம்ப்யூட்டரை விர்ச்சுவல் மெஷினுக்குள் குடியேற்றிய அனுபவம்

ஐப்பசி மழையில் அடித்த இடி ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு அரிசி ஆலையின் எடைமேடைக் கம்ப்யூட்டரைக் காலி செய்துவிட்டது. எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஆபீஸ் அறை வரை நீளமாக ஓடும் சீரியல் கேபிள் வழியே மின்சாரம் ஏறி, அது செருகியிருந்த காம் போர்ட்டோடு மதர்போர்டையும் எரித்திருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் எடைச்சீட்டு போடும் புரோகிராம். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்ஸ்டால் செய்யும் சிடியும் இல்லை, மூலநிரலும் இல்லை.

புது சாஃப்ட்வேர் வாங்கலாமே என்று கேட்டேன். ஆலை அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தம்பி, வண்டிக்காரன் நம்பர்ல இருந்து கமிஷன் கடைக்காரர் பாக்கி வரைக்கும் அதுலதான் கெடக்கு. மாசி பொறந்துட்டா பிசானம் நெல்லு வந்துரும். வண்டி ரோட்டுல நின்னுரக் கூடாது, பாத்துக்கிடுங்க." அவர் சொன்னது நியாயம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் ஊர் இது. அறுவடை தொடங்கிவிட்டால் மேடை ஒரு மணி நேரம் நின்றாலும் டிராக்டர்கள் வாசல் தாண்டி வரிசை கட்டும்.

பழைய மதர்போர்டைத் தேடி அலைவதைவிட, அந்த எக்ஸ்பியை அப்படியே எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷினாக (விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டுவதுதான் நிலையான வழி என்று முடிவு செய்தேன். இனி எந்த மதர்போர்டு போனாலும் உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு அது தெரியாது. புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட், அதன்மேல் விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7. விஎம் ஓட்ட உதவும் கேவிஎம் 2007இலிருந்தே லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது, எனக்கும் பழக்கம்தான். ஆனால் மேடையில் உட்காரும் பையன் ஒரு ஐகானைத் தட்டி வேலையைத் தொடங்க வேண்டும். அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் தோது.

முதல் வேலை டிஸ்க்கைப் படி எடுப்பது. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக இறக்கினேன். இது சுளுவாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, தகராறு செய்யும் செக்டார்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதைத் தனியே குறித்தும் வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயதான டிஸ்க்குக்கு வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். 80 ஜிபி கோப்பை விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைவரிக் கருவியால் விடிஐ என்ற அதன் சொந்த டிஸ்க் வடிவத்துக்கு மாற்றினேன். வெற்றிடங்களை அது சேர்த்துக்கொள்ளாததால் அளவு வெகுவாகக் குறைந்தது.

அதை மாட்டி ஸ்டார்ட் கொடுத்தால், 7பி என்று முடியும் நீலத்திரை. இது எதிர்பார்த்ததுதான். பழைய போர்டின் டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவரை மட்டுமே அந்த எக்ஸ்பி அறியும். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் கன்ட்ரோலர் அதற்குப் புதுசு. தன் டிஸ்க்கையே காணோம் என்று நின்றுவிடுகிறது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால், படி எடுப்பதற்கு முன்பே பொதுவான ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) டிரைவர்களை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் சேர்த்துவிட்டால் போதும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் ரிப்பேர் இன்ஸ்டால்.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்பி சிடியில் பூட் செய்ததும் முதல் நீலத்திரையிலேயே "ரிப்பேருக்கு ஆர் அழுத்து" என்று கேட்கும். அது ரெக்கவரி கன்சோல், கட்டளை தட்டிப் பழுது பார்க்கும் திரை. நமக்கு வேண்டியது அதில்லை. அங்கே என்டர் தட்டி, எஃப்8 தட்டி உரிமத்தை ஏற்றுக்கொண்டால், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸைக் கண்டுபிடித்து இரண்டாவது முறையாக ஆர் கேட்கும். அந்த இரண்டாவது ஆர்தான் புரோகிராம்களையும் டேட்டாவையும் தொடாமல் விண்டோஸை மட்டும் புதுப்பிப்பது. அந்தத் திரை வராவிட்டால் மேலே போகாமல் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் புது இன்ஸ்டாலாகப் போய் முடியும். சிடியில் இருக்கும் சர்வீஸ் பேக்கும் (விண்டோஸின் திருத்தத் தொகுப்பு) டிஸ்க்கில் இருப்பதும் ஒன்றாக இருப்பது நல்லது. ஆலையில் பெட்டியோடு கடையில் வாங்கிய எக்ஸ்பி பத்திரமாக இருந்தது பெரிய உதவி. கம்ப்யூட்டரோடு ஒட்டி வரும் ஓஇஎம் உரிமம் அந்த மெஷினோடு முடிந்துவிடும், இப்படி இடம் மாற்ற முடியாது. ஆக்டிவேஷனைப் போன் வழியாக எண்களைச் சொல்லி முடித்தேன்.

எக்ஸ்பி ஏறிவிட்டது. பழைய டெஸ்க்டாப்பும் அதே வால்பேப்பருமாகப் பார்த்ததும் அண்ணாச்சி முகத்தில் தெளிச்சி. ஆனால் பாதி வேலைகூட முடியவில்லை. எடை எப்படி உள்ளே வரும், சீட்டு எப்படி வெளியே போகும் என்பதில்தான் இந்த மாதிரி வேலைகளின் உயிரே இருக்கிறது.

எடைக்கு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வாங்கினோம். அதை அப்படியே எக்ஸ்பிக்குள் விட்டால் எக்ஸ்பிக்கான டிரைவர் தேடி அலைய வேண்டும். அதற்குப் பதில் லினக்ஸே கன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, விஎம் அமைப்பில் காம்1-ஐ ஹோஸ்ட் டிவைஸ் (வெளிக் கம்ப்யூட்டரின் சாதனம்) என்று வைத்து, கன்வெர்ட்டரின் பாதையைக் கொடுத்தேன். உள்ளே எக்ஸ்பிக்குத் தெரிவது சாதாரணப் பழைய காம்1 மட்டுமே. டிரைவர் எதுவும் வேண்டாம். புரோகிராமும் காம்1 தவிர வேறெதையும் கேட்காத புரோகிராம், அதற்கும் இது பொருந்திவிட்டது. லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸை ஓட்டும் யூசரை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் அனுமதி கிடைக்கும். இன்னொன்று: கன்வெர்ட்டரை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் அதன் எண் மாறலாம், பாதை காணாமல் போனால் விஎம் ஸ்டார்ட்டே ஆகாது. லினக்ஸ் சாதனத்தின் அடையாளத்தை வைத்துத் தரும் நிலையான பாதை ஒன்று உண்டு, அதையே கொடுத்தேன்.

எக்ஸ்பியைத் தொடங்குவதற்கு முன் சீரியல் போர்ட்டில் வருவதைக் காட்டும் மினிகாம் வழியாக லினக்ஸிலேயே இண்டிகேட்டரைக் கேட்டுப் பார்த்தேன். பாட் ரேட் (டேட்டா அனுப்பும் வேகம்) தப்பாக இருந்தபோது கிறுக்கல் எழுத்துகள் ஓடின. 2400 வைத்ததும் வரிசையாகச் சைபர்கள். ஒரு டிராக்டரை மேடையில் ஏறச் சொன்னோம். முன்சக்கரம் ஏறியதும் எண்கள் துள்ளின, டிரெய்லர் ஏறியதும் மேலே போய் ஆடின, வண்டி நின்றதும் ஒரே எண் திரும்பத் திரும்ப இறங்கியது. இண்டிகேட்டரின் சிவப்பு எண்ணும் அதுவும் ஒன்றே. கேபிள் முதல் லினக்ஸ் வரை சரி என்பது உறுதியான பிறகே எக்ஸ்பிக்குப் போனேன். இடையில் ஆப்டிகல் ஐசோலேட்டர் ஒன்றையும் போட்டுவிட்டேன்; அது மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும். அடுத்த ஐப்பசி வரத்தான் போகிறது.

பிரிண்டர் இன்னும் கொஞ்சம் படுத்தியது. மூன்று பிரதி போடும் டாட் மேட்ரிக்ஸ். புரோகிராம் நேராக எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்குத்தான் எழுதும், புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டே கிடையாது. பிரிண்டரை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி ஃபில்டர் வழியாக எக்ஸ்பிக்குள் விட்டு, உள்ளேயே அதை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் அந்த ஷேரை எல்பிடி1 என்று காட்டினேன். எக்ஸ்பிக்கு யுஎஸ்பி 1.1 கன்ட்ரோலரே போதும், யுஎஸ்பி 3க்கு அதனிடம் டிரைவர் கிடையாது. இப்படி யுஎஸ்பியை உள்ளே விட லினக்ஸ் யூசரை வீபாக்ஸ்யூசர்ஸ் குழுவிலும் சேர்க்க வேண்டும். கார்பன் சீட்டு மூன்றிலும் எழுத்து விழுந்த அந்தக் கரகர சத்தம் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நெட்வொர்க்கில் கண்டிப்பாக இருந்தேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. அதை இன்டர்நெட்டில் விடவே கூடாது. வெளிக் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசும் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் மட்டும் கொடுத்தேன்; உள்ளே இருக்கும் ரிப்போர்ட்டை வெளியே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் வழி இல்லை.

பராமரிப்பில் பலரும் தடுமாறுவது ஸ்னாப்ஷாட்டில், அதாவது விஎம்மின் அந்த நேரத்து நிலையைத் திரும்பி வரும்படி பதிந்து வைப்பதில். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய விடிஐ அப்படியே உறைந்துவிடும், அதன்பின் எழுதுவதெல்லாம் வேறொரு கோப்பில் போகும். ஆகவே விடிஐயை மட்டும் காப்பி எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது. அதைவிட முக்கியம், வைரஸ் என்று நினைத்துப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இடையில் போட்ட எடைச்சீட்டுகளும் போய்விடும். இதற்காக டேட்டாவைத் தனி விர்ச்சுவல் டிஸ்க்கில் வைத்து, அதை ரைட்-த்ரூ வகையாக மாற்றினேன். அந்த வகை டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் தொடாது. டேட்டா எங்கே இருக்கிறது என்பது ஒரு சிறிய அமைப்புக் கோப்பில் எழுதியிருந்ததால் பாதையை மாற்ற முடிந்தது. ராத்திரி மேடை மூடியதும் எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்து, டேட்டா டிஸ்க்கை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. சேவ் ஸ்டேட் (ஷட்டவுன் செய்யாமல் அப்படியே உறங்க வைப்பது) வேண்டாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். உறங்கி எழுந்த விஎம்மில் கடிகாரம் பின்தங்கிவிடலாம், எடைச்சீட்டில் நேரம் தப்பினால் வண்டிக்காரர்களோடு வழக்கு.

லினக்ஸ் பக்கம் ஒரே எச்சரிக்கை. கையொப்பம் இல்லாததை ஓடவிடாத செக்யூர் பூட் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் கெர்னல் மாட்யூலுக்குக் கையொப்பச் சாவியைப் பதிய வேண்டும். ரீபூட் ஆகும்போது வரும் நீலநிறத் திரையில் அதை ஏற்றுக்கொள்ளாமல் கடந்துவிட்டால் எந்த விஎம்மும் ஓடாது. கெர்னல் 6.12 முதல் கேவிஎம் முன்கூட்டியே விடி-எக்ஸை (விஎம் ஓட்ட பிராசசர் தரும் வசதி) பிடித்துக்கொண்டு விர்ச்சுவல்பாக்ஸை மறிக்கலாம். அறுவடை முடியும்வரை கெர்னல் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டேன்.

முழு விஎம்மையும் ஓவிஏ என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, என் லேப்டாப்பில் இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்தேன். மாசியில் நெல் வந்தது, மேடை நிற்கவில்லை. இப்போது கல்லிடைக்குறிச்சியில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் மில்லிலும் கூப்பிடுகிறார்கள். அங்கே இருப்பது டாஸ் புரோகிராம். டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸே போதுமா, அதற்கும் தனி விஎம் வேண்டுமா என்று கார் நெல் வருவதற்குள் பார்க்க வேண்டும்.