வெளிமுற்றத்தில் உட்கார ஓர் இடம்

அலுவலக வளாகம் ஒன்றின் முன்முற்றத்தைச் சீரமைக்கும் பணி என்னிடம் வந்தபோது, வரைபடத்தைக் கையிலெடுக்கும் முன்பு மூன்று நாட்கள் அங்கே நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். மெருகேற்றிய கருங்கல் தரை, நடுவில் வட்டமான புல்வெளி, அதைச் சுற்றிக் கல்லிருக்கைகள் என, மாடியிலிருந்து பார்க்கும்போது அந்த முற்றம் அழகாகவே இருந்தது. ஆனால் மதிய இடைவேளையில் வெளியே வந்தவர்களில் ஒருவர்கூட அந்த இருக்கைகளுக்குப் போகவில்லை. வாகனங்கள் நிற்கும் மூலையில் இருந்த ஒரே மரத்தின் நிழலில், அதைச் சுற்றிக் கட்டியிருந்த குட்டைச்சுவரின் மேல், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

இதே புதிரை நியூயார்க் நகரம் பெரிய அளவில் சந்தித்திருக்கிறது. கட்டடத்தின் முன் பொதுமுற்றம் விடுபவர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி தரும் விதி அங்கே 1961-இல் வந்தது. முற்றங்கள் பெருகின, ஆனால் அவற்றுள் பல வெறிச்சோடிக் கிடந்தன. வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் கேமராக்களை வைத்து அந்த முற்றங்களைப் பொறுமையாகக் கவனித்து, உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் உட்காருகிறார்கள் என்று கண்டார். சொல்லும்போது இது மிக எளிதாகத் தெரிகிறது. ஆயினும் 1975-இல் விதியைத் திருத்தி, ஒவ்வொரு 30 சதுர அடி முற்றத்துக்கும் ஓரடி நீள இருக்கை வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் பலர் அதைச் சில அங்குலமாவது நகர்த்திக்கொள்கிறார்கள் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தன் இடத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் அந்தச் சிறு உரிமையே ஒருவரை அங்கே இருத்திவைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே நகரில் 1967-இல் திறக்கப்பட்ட பேலி பூங்கா ஏறத்தாழ 4,200 சதுர அடிதான். பின்சுவர் முழுவதும் 20 அடி உயரத்திலிருந்து விழும் நீரின் ஓசை தெருவின் இரைச்சலை அமுக்கிவிடுகிறது. தலைக்கு மேல் மரக்கிளைகள் மெல்லிய கூரைபோல விரிந்திருக்கின்றன. கீழே நகர்த்தக்கூடிய நாற்காலிகள். இடம் போதவில்லை என்று சொல்லும் கட்டட உரிமையாளர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தச் சிறிய பூங்காவைத்தான்.

நிழலைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெயிலில் காய்ந்த கல்தரை தன்னுள் வாங்கிய வெப்பத்தை மாலைவரை உமிழ்ந்துகொண்டிருக்கும். மரமோ நிழல் தருவதோடு இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுக்காற்றையும் தணிக்கிறது. ஆனால் நான்கு பக்கமும் கான்கிரீட்டால் இறுகிய சிறு குழியில் நட்ட மரம், வேர் பரவ மண்ணும் காற்றும் இல்லாமல், சில ஆண்டுகளிலேயே வளர்ச்சி குன்றிப்போகிறது. கீழ்த்தளத்தில் வாகன நிறுத்தம் இருந்தால் ஈரமண்ணின் எடையைத் தாங்கும்படி மேல்தளத்தைத் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும் என்பதால், லேண்ட்ஸ்கேப் வேலையை, அதாவது கட்டடத்தைச் சுற்றியுள்ள வெளியிடத்தை வடிவமைப்பதை, கட்டடம் முடிந்தபின் பூசும் ஒப்பனையாக நினைப்பவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மற்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை. மழைநீர் தேங்காதிருக்க நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்ற சரிவு போதும். நனைந்தாலும் வழுக்காத சொரசொரப்பான கல் வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12-ஐ விட, அதாவது 12 அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றத்தை விட, செங்குத்தாக இருக்கக் கூடாது, அது பின்வாசலில் ஒதுங்காமல் எல்லோரும் வரும் வழியிலேயே அமைய வேண்டும். விளக்குகள் கண்ணில் அடிக்காமல் தரையிலும் இருக்கையின் அடியிலும் ஒளியைப் படரவிட்டால் இரவில் முகங்கள் தெரியும், அச்சமும் இராது.

அந்த வளாகத்தில், குட்டைச்சுவர் இருந்த மூலையிலிருந்தே புதிய திட்டத்தைத் தொடங்கினேன். நான்கு கார்களுக்கான இடத்தை விட்டுக்கொடுக்க உரிமையாளர் நெடுநேரம் தயங்கி, பிறகு இசைந்தார். அந்த இடத்தில் மண்ணை ஆழமாக மாற்றி மேலும் ஐந்து மரங்கள் நட்டோம். சுவரை அதே உயரத்தில், இருவர் முதுகோடு முதுகாக அமரக்கூடிய அகலத்தில் நீட்டினோம். புதிய மரங்கள் இன்னும் இளசுதான். அவற்றின் நிழல் விழும்வரை அங்கே துணிப்பந்தல் கட்டியிருக்கிறோம்.